மறு: கலைச்சொல்: சோடாவில் காஸ் ஏற்றுவதற்குத் தமிழில் என்ன?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

> ‘கார்பனேற்றம்’ என்றே வைத்துவிடலாம். மாணவர்களுக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். சோடாவில் ஏறுவது கார்பன் இல்லை, கார்பன் டை ஆக்சைடு. எஃகு உறுப்புகளின் மேற்பரப்பில் நிஜமாகவே கார்பனை ஏற்றிக் கடினமாக்குகிற வேலை ஒன்று இருக்கிறது. அந்தச் சொல்லை எஃகுக்காரர்களுக்கு விட்டுவைப்போம்.

> ‘குமிழியேற்றம்’ அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் மூடிய பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள், குமிழியே தெரியாது. வாயு அழுத்தத்தில் நீருக்குள் கரைந்து கிடக்கிறது. திறந்து அழுத்தம் விட்ட பிறகுதான் குமிழி. வெளியே போகிறதன் பெயரை உள்ளே ஏற்றுவதற்கு வைக்க வேண்டுமா?

> அப்படியானால் ‘சோடாவாக்கம்’?

இங்கே ஒரு கதை இருக்கிறது. 1767 வாக்கில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். புளிக்கும் தொட்டிகளின் மேல் கனமான ஒரு வாயு (நம் கார்பன் டை ஆக்சைடுதான்) தேங்கி நிற்பதைக் கண்டார். அந்த வாயுவுக்குள் இரண்டு பாத்திரங்களைப் பிடித்து, நம்மூர் டீ மாஸ்டர் ஆற்றுவதுபோலத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். தண்ணீர் சுரீரென்றது. 1772-ல் செய்முறையை வெளியிட்டார். கடலோடிகளுக்கு வரும் ஸ்கர்வி நோயை இது தடுக்கும் என்று நம்பினார், பாவம், தடுக்கவில்லை. பின்னால் மருந்து என்ற பெயரில் சோடா உப்பைச் சேர்த்து விற்றார்கள், அதனால் சோடா வாட்டர். உப்பு போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. (கோகோ கோலாவும் 1886-ல் அட்லாண்டாவில் ஒரு மருந்தாளர் கலக்கியதுதான்.) ஆக, உப்பின் பெயரை வாயு ஏற்றும் வேலைக்குச் சூட்டுவது பழைய பிழையைப் புதுப்பிப்பது.

நம் கோலி சோடா பாட்டிலும் லண்டன் சரக்கு, 1870-களில் ஹிரம் காட் என்பவர் காப்புரிமை வாங்கியது. உள்ளே இருக்கும் அழுத்தமே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்து அடைத்துவிடும். மெட்ராஸ்காரன் காப்புரிமையைப் பார்த்தா பெயர் வைத்தான்? கண்ணில் பட்டது கோலி, அவ்வளவுதான்.

அதனால் நானும் கடைக்கே போனேன். திருவல்லிக்கேணியில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் சொன்னது: “காலையில காஸ் ஏத்தினது சார், திறந்து வெச்சா இறங்கிடும்.” ஏற்றம், இறக்கம் இரண்டும் அவர் வாயிலேயே இருக்கின்றன. நாம் சேர்க்க வேண்டியது வாயுவின் பெயரை மட்டும். ‘கரியமிலவாயுவேற்றம்’ என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். வெறும் ‘வளியேற்றம்’ மீன்தொட்டிக்குக் காற்று விடுவதோடு குழம்பும். என் முன்மொழிவு: கரியமிலவாயுவைக் ‘கரிவளி’ என்று சுருக்கி, கரிவளியேற்றம், கரிவளியிறக்கம்.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து

---

மறுநாள் காலை

> ‘கரிவளி’ என்றால் பஸ் புகை ஞாபகம் வருகிறது. குடிக்கிற பொருளுக்கு இப்படியா?

நியாயமான பயம். ஆனால் இது ஆலைக்கும் பாடநூலுக்குமான சொல். கடைப் பலகையில் சோடா சோடாவாகவே இருக்கட்டும், பன்னீர் சோடாவை யாரும் தொட வேண்டாம். இன்னொரு வசதியும் உண்டு. இப்போது காபிக்கடைகளில் நைட்ரஜன் ஏற்றிய குளிர்காபி கிடைக்கிறது. வாயுவின் பெயரோடு ‘ஏற்றம்’ என்ற அச்சு அதற்கும் பொருந்தும்; குமிழியேற்றம் என்று வைத்திருந்தால் இரண்டும் ஒன்றாகிப் போயிருக்கும்.

காஸ் இறங்கிய சோடாவுக்குப் பெயரடை கேட்ட நண்பருக்கு: ‘சப்பென்ற’ போதாதா?