மூட்டை ஏற்றும்போது விழுந்த மாமாவுக்கு இழப்பீடு வாங்க வழி சொல்லுங்கள்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் குடோனில் மாமா லோடுமேன். லாரியில் மூட்டை ஏற்றும்போது பலகை சறுக்கி விழுந்ததில் முதுகெலும்பு முறிந்துவிட்டது. இப்போது எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். பலகை ஆடுகிறது என்று முன்பே சொல்லியும் முதலாளி மாற்றவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் கொடுத்தார், அப்புறம் "அவர் மேஸ்திரி கூட்டி வந்த ஆள், எனக்குப் பொறுப்பில்லை" என்கிறார். இது பெரிய அநியாயம்.

1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படியும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புப்படியும், மேஸ்திரி போன்ற ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் முதன்மை முதலாளியிடம் (யாருக்காக வேலை நடக்கிறதோ அவரிடம்) இழப்பீடு கேட்கலாம், 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்று தெரிகிறது. மாமாவுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இல்லை. கூலியும் கையில்தான், சீட்டு எதுவும் கிடையாது. அங்கே வேலை பார்த்ததை எதைக் காட்டி நிரூபிப்பது? கூட இருந்தவர்கள் சாட்சி சொல்லப் பயப்படுகிறார்கள். தொழிலாளர் துறையில் இப்படி மனு போட்டவர்கள், இலவச சட்ட உதவியில் நல்ல வக்கீல் கிடைத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.