களப்பணியில் மத உரிமை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குழந்தைகள் காப்பகங்களுக்குப் போய்வருகிற வேலை எனக்கு. நான் போகிறவற்றில் நிறைய இல்லங்களை ஏதோ ஒரு மதத்தின் அறக்கட்டளைதான் நடத்துகிறது. சோறு, துணி, படிப்பு எதிலும் குறை சொல்ல முடியாது. பிரச்சினை சாயங்கால ஜெபத்திலோ பஜனையிலோதான் தலைகாட்டும்.

அப்படி ஒரு இல்லத்தில் ஏழாவது படிக்கிற முஸ்லிம் பெண், ரமலானுக்கு நோன்பு பிடிக்க வேண்டும் என்றாள். "வளர்ற பிள்ளை மேடம், பட்டினி போட்டோம்னு எங்க மேல கேஸ் வரும்" என்றார் வார்டன். அவர் பயம் நியாயமானதுதான். டாக்டர் பார்த்து ரத்த அளவு சரி என்றார். அவளுடைய பெரியம்மா போனில் சம்மதித்தார். சமையல் அக்கா சஹருக்கு (விடியுமுன் சாப்பிடுகிற நோன்புச் சாப்பாடு) ராத்திரியே சோறாக்கி ஹாட்பாக்ஸில் வைத்தார். பள்ளி லீவு நாளில் மட்டும் நோன்பு என்று அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். முடிந்தது.

ஜெபத்துக்கு வர விரும்பாத பிள்ளையை விட்டுவிடச் சொன்னபோதுதான் இல்லத்தார் பெரிதாக எதிர்த்தார்கள். "நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்லை, எல்லாரும் விரும்பித்தான் வர்றாங்க." சரி, வராத பிள்ளை அந்த நேரம் எங்கே உட்காரும் என்று கேட்டேன். மற்ற அறைகளையெல்லாம் பூட்டிவிடுவார்களாம்! படிப்பறைச் சாவியை வாங்கவே பல தடவை பேச வேண்டியிருந்தது.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. குடும்பத்தைப் பிரிந்த பிள்ளையை வேறிடத்தில் வைக்கும்போது அதன் மதத்தையும் மொழியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது அதன் 20-ஆவது பிரிவு. நம் கேஸ் ஷீட்டிலும் மதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. இந்து, முஸ்லிம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுமா, அம்மா எந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போவார் என்று யார் கேட்கிறோம்?

*

நான் விழுப்புரம் பக்கம் களப்பணி பார்க்கிறேன். எங்களுக்கு மதம் என்றாலே சாதிச் சான்றிதழ் வாங்கும் தாலுகா ஆபீஸ்தான் ஞாபகம் வரும்.

காலனியில் பாதிப் பேருக்கு கோயிலில் ஒரு பெயர், ரெக்கார்டில் ஒரு பெயர். (இங்கே கோயில் என்றால் மாதா கோயில்.) காரணம் பட்டியல் சாதிகள் பற்றி குடியரசுத் தலைவர் 1950-இல் போட்ட ஆணை. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது அது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்கு பி.சி. சான்றிதழ். மாநில அரசின் உதவித்தொகை சிலது கிடைக்கும், எஸ்.சி. ஒதுக்கீடு கிடையாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கவும் முடியாது. ஊர்த்தெருவில் அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

ஒரு அம்மா என்னிடம், "சர்ச்சுக்குப் போறத நிறுத்திட்டேன்னு எழுதிக் கொடுத்தா பையனுக்கு சர்டிபிகேட் வருமா சார்?" என்று கேட்டார். விரும்பிய மதத்தைப் பின்பற்றும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் இருக்கிறது. அவர் வீட்டில் அதற்கு விலை பையனுடைய காலேஜ் சீட். இப்படி எழுதிக் கொடுங்கள் என்று சொல்வது என் வேலை இல்லை, கூடாது என்று தடுப்பதும் இல்லை. எது செய்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் விளக்கினேன். 2024-இல் உச்ச நீதிமன்றம், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்ததையும் மறைக்கவில்லை. அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை.

*

சாமியே வேண்டாம் என்கிற பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் இல்லத்தில் ஒருவன், அப்பா கருப்புச் சட்டைக்காரர். விபூதி வைக்க மாட்டான், வைத்தால் அழித்துவிடுவான். "திமிர்" என்று அவன் ஃபைலில் எழுதியிருந்தார்கள். அந்த வார்த்தையை நீக்க வைத்தேன். பள்ளியில் சாதி, மதக் கட்டத்தை காலியாக விடலாம் என்று தமிழக அரசு 1973-லேயே ஆணை போட்டிருக்கிறது. ஹெட்மாஸ்டருக்கு அந்த ஆணையின் நகலைக் காட்ட வேண்டியிருந்தது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.