புளோரிடாவில் 57 சதவீதம் தோற்றது, ஒஹாயோவில் வென்றது: எப்படி?

கேள்வி:
வணக்கம். 2024 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமைக்கான அரசமைப்புத் திருத்தத்தை ஏறத்தாழ 57 சதவீதத்தினர் ஆதரித்தும் அது தோற்றது. ஆறு வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் அப்படியே நீடித்தது. முந்தைய ஆண்டு ஒஹாயோவில் கிட்டத்தட்ட அதே ஆதரவைப் பெற்ற திருத்தம் வென்றது. பெரும்பான்மையினர் கேட்டும் கிடைக்காமல் போனது ஏன் என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
புளோரிடாவில் அரசமைப்புத் திருத்தம் நிறைவேற 60 சதவீத வாக்கு வேண்டும். அந்த விதியே 2006இல் மக்கள் வாக்கெடுப்பில் 60 சதவீதத்தை எட்டாமல்தான் நிறைவேறியது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஒஹாயோவிலும் இதைச் செய்யப் பார்த்தார்கள். கருக்கலைப்பு உரிமை நவம்பரில் வாக்கெடுப்புக்கு வரவிருந்த நிலையில், பாதிக்கு மேல் போதும் என்றிருந்த வரம்பை 60 சதவீதமாக உயர்த்தவும், ஒரு திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர மக்கள் 44 கவுண்டிகளில் (மாநிலத்தின் உட்பிரிவுகளில்) திரட்டிய கையெழுத்துகளை இனி 88 கவுண்டிகளிலும் திரட்ட வேண்டும் என்று விதிக்கவும், 2023 ஆகஸ்ட் 8 அன்று தனித் தேர்தல் நடந்தது. அந்த வாக்குச்சீட்டில் கருக்கலைப்பு என்ற சொல்லே இல்லை. ஆனாலும் எதற்காக இந்த அவசரம் என்பதைப் புரிந்துகொண்ட மக்களில் 57 சதவீதத்தினர் அதை நிராகரித்தார்கள். அன்று அது நிறைவேறியிருந்தால், நவம்பரில் பெற்ற அதே வாக்குகள் தோல்வியாகியிருக்கும்.

பதில் 2:
வாசகத்தையும் கவனியுங்கள். 2022 ஆகஸ்டில் கான்சஸ் மாநில வாக்கெடுப்பில் 'ஆம்' என்றால் கருக்கலைப்பு உரிமைக்கு மாநில அரசமைப்பு தந்த பாதுகாப்பு நீங்கும், 'இல்லை' என்றால் நிலைக்கும். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், 'ஆம்' என்று வாக்களித்தால் பெண்களின் உரிமை காக்கப்படும் என்ற பொய்க் குறுஞ்செய்தி பலரின் கைப்பேசிக்கு வந்தது. அதையும் மீறி ஏறத்தாழ 59 சதவீதத்தினர் 'இல்லை' என்றார்கள். வாக்குச்சீட்டை வரி வரியாகப் படித்த அந்த வாக்காளர்களை நான் மனதார மதிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வென்றுவிட்டால் உரிமை உறுதியாகிவிடுமா?

பதில் 3:
இல்லை. தண்டனைக் காலம் முடித்தவர்களில் பெரும்பாலானோருக்கு வாக்குரிமையை மீட்டுத் தரும் திருத்தத்தைப் புளோரிடா மக்கள் 2018இல் 64 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளால் நிறைவேற்றினார்கள். அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் பாக்கியின்றிச் செலுத்தினால்தான் அது கிடைக்கும் என்று மறு ஆண்டே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நெவாடாவிலோ மக்கள் முன்வைக்கும் திருத்தம் அடுத்தடுத்த இரு பொதுத்தேர்தல்களில் வெல்ல வேண்டும். வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் தரவரிசை வாக்களிப்பு முறை அங்கே 2022இல் வென்று 2024இல் தோற்றது. 2024இல் வென்ற கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்துக்கும், வாக்காளர் அடையாள அட்டைத் திருத்தத்துக்கும் இரண்டாவது சோதனை 2026 நவம்பர் வாக்கெடுப்புதான்.