சாரல் பிடித்ததும் வார்ட்ரோப் கதவுகள் வளைந்துவிட்டன: பலகையில் குறையா, வேலையில் குறையா?

செங்கோட்டைக்காரி (ஜூலை 6)

வணக்கம். செங்கோட்டையில் இருந்துகொண்டு தென்காசி, இலஞ்சி, புளியரை பக்கம் சின்னச் சின்ன இன்டீரியர் வேலைகள் எடுத்துச் செய்கிறேன். இலஞ்சியில் ஒரு வீட்டுக்கு மார்ச்சில் மரவேலை முடித்துக் கொடுத்தேன். ஏப்ரலில் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். ஜூன் பாதியில் சாரல் ஆரம்பித்தது. இப்போது படுக்கையறை வார்ட்ரோப்பின் ஆறு கதவுகளில் நான்கு வளைந்து நிற்கின்றன. மேல் மூலையும் கீழ் மூலையும் வெளியே துருத்துகின்றன, நடுப்பகுதி மட்டும் பெட்டியில் ஒட்டுகிறது. நூல் பிடித்துப் பார்த்தேன். மோசமான கதவில் 9 மி.மீ. வளைவு.

பலகை 18 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் 'மரைன்' ரகத்துக்கான இந்தியத் தரக்குறி) உள்ளது. கதவு 7 அடி உயரம், 20 அங்குல அகலம், மூன்று கீல். வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா (லேமினேட் தகடு). உள்பக்கம் வீட்டுக்காரர் செலவைக் குறைக்கச் சொன்னதால் பிரைமரும் ஒரு கோட் பெயிண்டும்தான். பலகையை எல்லை தாண்டி கேரளப் பக்கம் ஒரு கடையில் எடுத்தேன், ஷீட்டுக்கு விலை கொஞ்சம் குறைவாக இருந்தது.

கடைக்காரர் "சரக்கு நல்ல சரக்கு, ஒட்டினதுதான் சரியில்லை" என்கிறார். வேலை செய்த ஆசாரி "பலகையே பச்சை, சரியாகக் காயவில்லை" என்கிறார். வீட்டுக்காரர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார். கடைசித் தவணை 60,000 ரூபாய் நிற்கிறது.

பலகை போலியா என்று எப்படிப் பார்ப்பது? இந்தக் கதவுகளை நேராக்க முடியுமா, புதிதாகவே செய்யணுமா?

அப்புறம் இன்னொன்று. சமையலறைத் தரைக்கு டைல்ஸ் பத்தாமல் இரண்டாம் தடவை 4 பெட்டி வாங்கினேன். அதே பெயர், அதே அளவு. ஆனால் நிறம் லேசாக மஞ்சளடிக்கிறது. இன்னும் ஒட்டவில்லை.

மார்த்தாண்டம் ஆசாரி

தங்கச்சி, உள்பக்கம் மைக்கா போடவில்லை என்றீர்களே, வளைவு அங்கேதான் பிறந்தது. மைக்கா ஒட்டிய முகத்தில் ஈரம் எளிதில் ஏறாது. உள்முகம் பெயிண்ட் வழியாக மெல்ல மெல்லக் குடிக்கும். குடித்த பக்கம் நீளும், மைக்காப் பக்கம் நீளாது. அதனால் நடு உள்ளே தள்ளும், மூலைகள் வெளியே வரும். நீங்கள் சொன்ன அடையாளம் அச்சாக அதுதான். பலகை பச்சையாக இருந்திருந்தால் கதவுக்குக் கதவு ஒவ்வொரு திசையில் முறுக்கியிருக்கும். நான்கும் ஒரே பக்கமாக வளைந்திருக்கின்றன, பாருங்கள்.

எங்கள் ஊரில் ஆறு மாசம் மழைதான். ஒரு பக்கம் மட்டும் மைக்கா போடச் சொன்னால் நான் அந்த வேலையை எடுப்பதே இல்லை. உள்ளே விலை குறைந்த வெள்ளை லைனர் (உள்பக்கத்துக்கான சாதா மைக்கா) போதும், ஆனால் வெளி மைக்காவின் கனத்துக்கு ரொம்பக் குறையாமல் இருக்கணும். நாலு விளிம்பையும் அடைக்கணும். கதவின் அடிவிளிம்பைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு, ஆசாரிகளும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். உங்கள் கதவில் அடியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்.

7 அடிக்கு மூன்று கீல் போதாது. குறைந்தது நாலு, கனத்த கதவு என்றால் ஐந்து.

பிளைவுட் கடையில் பதினெட்டு வருஷம்

மார்த்தாண்டம் ஆசாரி சொல்வது சரி. இருந்தாலும் பலகையைச் சோதித்துவிடுங்கள், மனசு சமாதானமாகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 710 என்பது முக்கியமாகப் பசையின் உறுதிக்கான சான்று. தண்ணீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியாது என்று அர்த்தம். கதவு வளையாது என்று அதில் எங்கும் எழுதவில்லை. கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "710 போட்டும் வளைஞ்சிடுச்சே" என்றுதான் சண்டைக்கு வருவார்கள்.

முத்திரையின் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தொழிற்சாலை, எந்தப் பொருளுக்கு உரிமம் என்று காட்டும். முத்திரையில் உள்ள பெயரும் செயலியில் வரும் பெயரும் வேறாக இருந்தால் சந்தேகப்படலாம். அப்புறம் எடை. 8க்கு 4 ஷீட், 18 மி.மீ., நல்ல கடின மரம் என்றால் 35 முதல் 40 கிலோ வரை வரும். ஒரே ஆள் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார் என்றால் யோசிக்கவேண்டியதுதான்.

மிச்சத் துண்டு இருக்கிறதா? உள்ளங்கை அளவு வெட்டிக் கொதிக்க வையுங்கள். தரச் சோதனையில் 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள், வீட்டில் கேஸுக்கு யார் கணக்குச் சொல்வது? ஏழெட்டு மணி நேரம் போதும். ஈரத்தை ஓரளவே தாங்கும் எம்.ஆர். பலகையை 710 என்று விற்றிருந்தால் அதற்குள் அடுக்கு வாய் பிளந்துவிடும், ஏனென்றால் அதன் யூரியாப் பசை கொதிநீரைத் தாங்காது. 710இன் ஃபீனால் பசை தாங்கும்.

டைல்ஸுக்குப் பதில் பெட்டியிலேயே இருக்கிறது. பெயர், அளவு தவிர ஷேடு எண், பேட்ச் எண் என்று அச்சிட்டிருக்கும். சூளைக்குச் சூளை நிறம் மாறும், அது குறை அல்ல. பழைய பெட்டி அட்டை இருந்தால் அதே ஷேடு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பெட்டி பிரிக்காமல் இருந்தால் பெரும்பாலான கடைகளில் மாற்றித் தருவார்கள். ஒட்டின பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

பாலக்காட்டுக் கணக்கர்

பலகையை மாற்றக் கேட்பதற்கு முன் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் "பிளைவுட் 18 மி.மீ." என்று மட்டும் இருந்தால் கடைக்காரர் நாளைக்கு 710ஐவிடத் தாழ்ந்த 303 ரகம்தான் கொடுத்தேன் என்று சொல்லலாம். பிராண்டு, ஐ.எஸ். எண், கனம், ஷீட் எண்ணிக்கை நாலும் பில்லில் இருக்கணும்.

எல்லை தாண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் எளிய முறையில் வரி கட்டும் திட்டம்) இருக்கும் வியாபாரி வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் (சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டு) வேண்டும். ஷீட்டுக்குக் கொஞ்சம் குறைகிறதே என்று துண்டுச் சீட்டில் வாங்கி வண்டியில் ஏற்றினால், வழியில் பிடித்தால் ஒரு தொல்லை, பிறகு சரக்கில் குறை வந்தால் இன்னொரு தொல்லை. கையில் ஆதாரமே இருக்காது.

செங்கோட்டைக்காரி (ஜூலை 9)

எல்லாருக்கும் நன்றி. துண்டைக் காலையில் அடுப்பில் ஏற்றி இரவு இறக்கினேன். வீடு முழுக்க மர வாசனை, அம்மாவிடம் திட்டு. அடுக்கு ஒன்றுகூடப் பிரியவில்லை. உரிம எண்ணும் சரியாகத்தான் காட்டுகிறது. அடிவிளிம்பைத் தடவினேன் ஆசாரி அண்ணே, எதுவும் பூசாத வெறும் மரமாகச் சொரசொரவென்று இருந்தது. நாலு கதவும் வெளிச்சுவர் ஓரமாக, மழை அடிக்கிற பக்கம். நேராக இருக்கிற இரண்டும் உள்சுவர் பக்கம்.

ஆக, கடைக்காரரிடம் போய் நின்றால் எனக்குத்தான் அவமானம். உள்பக்க மைக்காவை வெட்டியது நான்தான். வீட்டுக்காரர் கேட்டது விலைக் குறைப்பு, எதைக் குறைப்பது என்று முடிவு செய்தது என் பட்டியல். இப்போதே உள்பக்கம் மைக்கா ஒட்டிவிடட்டுமா?

மார்த்தாண்டம் ஆசாரி

வேண்டாம், வேண்டாம்! வளைந்தபடியே ஒட்டினால் வளைவைப் பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். கதவுகளைக் கழற்றிக் காற்றோட்டமான உள்ளறையில் ரீப்பர் கட்டைகள் மேல் படுக்க வையுங்கள், மைக்காப் பக்கம் கீழே இருக்கட்டும். உள்முகம் மேலே காயணும். வெயிலில் வைக்காதீர்கள், சுவரில் சாய்க்கவும் கூடாது. மூன்று வாரமாவது பொறுங்கள். வளைவு 2, 3 மி.மீ.க்கு இறங்கினால் பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டு லைனர் ஒட்டுங்கள். இறங்காத கதவுக்குப் பின்பக்கம் நீளவாக்கில் காடி எடுத்து அலுமினிய ஸ்ட்ரெய்ட்னர் பதிக்கலாம், திருகித் திருகி நேராக்கலாம். ஒரேயடியாகத் திருகாதீர்கள், தினம் கொஞ்சம்.

புதிதாகச் செய்கிற கதவு இருந்தால் பிளாக்போர்டில் (block board, நடுவில் மரக் கட்டைகள் அடுக்கிய பலகை) செய்யுங்கள். உள்ளே ரீப்பர்கள் நீளவாக்கில் ஓடுவதால் உயரக் கதவுக்குப் பிளைவுட்டைவிட நேராக நிற்கும்.

புளியரை வீட்டுக்காரன்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கதவை மட்டும் சரிசெய்தால் போதுமா? எங்கள் வீட்டில் வெளிச்சுவரின் ஈரம் வார்ட்ரோப்பின் முதுகுப் பலகை வழியாக உள்ளே வந்து துணியெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. முதுகுக்கும் சுவருக்கும் அரை அங்குலம் இடைவெளி விட்டு, மேலேயும் கீழேயும் காற்றுத் துளை போட்ட பிறகுதான் நின்றது.

செங்கோட்டைக்காரி (ஆகஸ்டு 14)

நிலவரம் சொல்லிவிடுகிறேன். இரண்டு கதவு தானாகவே 2 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது, லைனர் ஒட்டி மாட்டியாயிற்று. மூன்றாவதுக்கு ஸ்ட்ரெய்ட்னர். 9 மி.மீ. கதவு 6க்குக் கீழே இறங்கவே இல்லை, அதைப் பிளாக்போர்டில் புதிதாகச் செய்தோம். நேராக இருந்த இரண்டுக்கும் சேர்த்தே லைனர் போட்டேன். எல்லாவற்றுக்கும் ஐந்து கீல். முதுகில் துளையும் போட்டாயிற்று. லைனர், பிளாக்போர்டு, ஸ்ட்ரெய்ட்னர் எல்லாம் என் செலவு, எங்கள் ஆசாரி கூலியில் பாதி விட்டுக்கொடுத்தார்.

டைல்ஸ் ஷேடு வேறுதான். அதே ஷேடில் 3 பெட்டிதான் கிடைத்தது. மிச்சத்தை ஸ்டோர் ரூமில் போட்டுக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்தார்.

தவணையில் 50,000 கொடுத்துவிட்டார். பாக்கி 10,000 ஐப்பசி மழை கழியட்டும் என்கிறார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.