பழைய ரேடியோவுல வர்ற ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கிடைக்கல்லைன்னா என்ன போடலாம்? உங்க அனுபவத்தையும் எழுதுங்க

வடசேரியிலிருந்து:

பழைய ஜெர்மானியம் செட்டு வேலைக்கு வந்தா நான் முதல்ல மாற்று தேடமாட்டேன். உள்ளே இருக்கிறது நெசமாவே செத்துப்போச்சான்னு பார்ப்பேன். கோட்டாறுல இருந்து ஒரு பெரியவர் ஒரு ரேடியோ கொண்டுவந்தார். "சிலோன் ரேடியோ கேட்ட பெட்டி மக்கா, ஆக்கர் கடையில போட மனசு வரல்ல"ன்னார். வால்யூம் கன்ட்ரோலைத் தொட்டா ஸ்பீக்கர்ல உர்ருங்குது, ஆனா ஒரு ஸ்டேஷனும் எடுக்கல்ல. திறந்து பார்த்தா, ஸ்டேஷன் எடுக்கிற பகுதியில ஏஎஃப்117ங்கிற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்.

இந்த டிரான்சிஸ்டருக்கு நாலு கால். மூணு வழக்கமான பேஸ், எமிட்டர், கலெக்டர். நாலாவது கால் வெளி டப்பாவோட சேர்ந்தது, எர்த்துக்குப் போகும். டப்பாவுக்குள்ள பூசின வெள்ளீயத்துல இருந்து வருஷக்கணக்கா மெல்லிசா ஊசி ஊசியா வளர்ந்து, உள்ளே இருக்கிற கம்பியைத் தொட்டிரும். மல்டிமீட்டரை நாலாவது காலுக்கும் மத்த கால்களுக்கும் வச்சா ஷார்ட் தெரியும். அந்த நாலாவது காலை மட்டும் நறுக்கினேன். திருநெல்வேலி வானொலி தெளிவா வந்துது. பெரியவர் ரொம்ப நேரம் அந்த நாற்காலியை விட்டு எழும்பல்ல.

ரெண்டு கால் சேர்ந்து டப்பாவைத் தொட்டிருந்தா நறுக்கியும் பிரயோஜனம் இல்ல. அப்போ சிலிக்கான் பிஎஃப்450 போடுவேன். அதுவும் ஏஎஃப்117 மாதிரி பிஎன்பி வகைதான். கால் வரிசையை மட்டும் டேட்டா ஷீட் பார்த்து வைக்கணும். அப்படியே மாத்தினா சத்தம் குறையும், ஏன்னா ஜெர்மானியத்துக்கு பேஸ்ல 0.2 வோல்ட் போதும், சிலிக்கானுக்கு 0.6 வேணும். நாலு கட்டை பேட்டரி, 6 வோல்ட் செட்டுல பேஸுக்கு 47கே (கிலோ ஓம்), 10கே ரெசிஸ்டர், எமிட்டர்ல 1கே இருக்குன்னு வையுங்க. பழைய டிரான்சிஸ்டர்ல கிட்டத்தட்ட 0.85 மில்லிஆம்பியர் ஓடும். சிலிக்கான்ல அது பாதியாயிரும். 47கேயை 33கேயாக்கினா மறுபடி 0.8 பக்கம் வந்திரும். ஒரே ஒரு ரெசிஸ்டர்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணாச்சி சொன்னது ரேடியோ பகுதிக்கு. ஸ்பீக்கரை ஓட்டுற அவுட்புட்ல ஏசி128 ஜோடி போனா நான் சிலிக்கான் எஸ்கே100 ஜோடி போடுறேன். ஏசி128க்கு அமைச்ச பயாஸ், அதாவது பேஸுக்குக் குடுத்து வைக்கிற வோல்ட், சிலிக்கானைத் திறக்கவே திறக்காது, பாட்டு மெதுவா வைக்கிற நேரத்துல கரகரன்னு உடையும். பயாஸ் ரெசிஸ்டரை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு 1என்4148 டயோடு வச்சா சரியாகும். எஸ்கே100 உடம்பே கலெக்டர், அது சேஸிஸ்ல படாம பார்த்துக்குங்க.

இன்னொரு காரியம். இப்போ ஆன்லைன்ல ஏசி128ன்னு விக்கிறதுல பாதி நம்பமுடியாது. எனக்கு வந்த பாக்கெட்ல இருந்தது முழுக்க சிலிக்கான், மேல நம்பர் மட்டும் புதுசா அச்சடிச்சது. டயோடு ரேஞ்சுல பேஸ்-எமிட்டர் வச்சுப் பாருங்க. 0.2, 0.3 காட்டினா ஜெர்மானியம். 0.6க்கு மேல போனா அப்பவே திருப்பி அனுப்புங்க.

குளச்சலிலிருந்து:

நான் கோயில் பாடகர் குழுவுல கிட்டார் வாசிக்கிறேன், கிட்டார் சத்தத்தை உடைச்சுக் குடுக்கிற ஃபஸ் பெடல் சொந்தமா செய்றேன். எங்க வேலையில சிலிக்கான் மாற்றே ஆகாது. ஓடும், ஆனா அந்த உருண்ட சத்தம் வராது. அதனால பழைய செட்டுல கழட்டின ஏசி128தான் தேடுவேன்.

கெயினை, அதாவது டிரான்சிஸ்டர் எத்தனை மடங்கு பெருக்குதுன்னு காட்டுற எச்எஃப்இ மீட்டரை மட்டும் நம்பாதீங்க. ஜெர்மானியத்துல கசிவு கரன்ட் உண்டு, மீட்டர் அதையும் கெயின்னு கூட்டிக் காட்டும். 200 காட்டின ஒண்ணு உள்ளபடி 80தான் இருந்துது. பேஸைத் திறந்து விட்டு, 9 வோல்ட்ல 2.2கே ரெசிஸ்டர் வழியா எவ்வளவு கசியுதுன்னு முதல்ல அளக்கணும். பெடல்ல ரெண்டு டிரான்சிஸ்டர்; முதல் இடத்துக்கு 70, 80 கெயின் உள்ளது, ரெண்டாவதுக்கு 120 பக்கம். சூடு 10 டிகிரி கூடினா கசிவு ஏறக்குறைய ரெட்டிப்பாகும். நான் காலையில அளப்பேன், மத்தியானம் வெயில் ஏறினதும் அதே டிரான்சிஸ்டரை மறுபடி அளப்பேன். ரெண்டு தடவையும் அடங்கி நிக்கிறதை மட்டும்தான் பெடல்ல வைப்பேன். ஈயம் வைக்கிற நேரம் காலைக் குறடால பிடிச்சுக்கணும், அந்தச் சூடே அதைக் கொன்னுரும்.

தக்கலையிலிருந்து:

ஸ்டேஷன் அலையில இருந்து பாட்டைப் பிரிச்செடுக்கிற டிடெக்டர் டயோடை யாரும் சொல்லல்ல. ஜெர்மானியம் ஓஏ79 போனா சிலிக்கான் 1என்4148 போடாதீங்க, தூரத்து ஸ்டேஷன் எல்லாம் காணாமப் போயிரும். பிஏடி85ங்கிற ஷாட்கி வகை டயோடு நல்லா வேலை செய்யுது, விலையும் கொஞ்சம்தான். யாருட்டயாவது உபரியா நல்ல ஏஎஃப்117 இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி, இங்க ஒரு பிலிப்ஸ் செட்டு காத்துக்கிட்டு இருக்கு.