இண்ட் ஏஎஸ் ஆய்வில் சிக்கல், வழி சொல்லுங்கள்

வணக்கம். இண்ட் ஏஎஸ் (சர்வதேசத் தரங்களை ஒட்டிய இந்தியக் கணக்கியல் தரநிலைகள்) வந்தபின் பட்டியலிட்ட நிறுவனங்களின் நிதி அறிக்கைத் தரம் கூடியதா என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறேன். வங்கி, காப்பீடு, வங்கிசாரா நிதி நிறுவனங்கள் நீங்கலாக, 500 கோடி ரூபாய் நிகர மதிப்பைத் தொட்டவை 2016 ஏப்ரலில் மாறின. மற்றவை ஓராண்டு கழித்து. சரி, 2016-17ஐ வைத்து இரண்டையும் ஒப்பிடலாம் என்றிருந்தேன். ஆனால் அதே ஆண்டில்தான் பணமதிப்பிழப்பும் வந்தது.

அப்புறம், 2016இல் மாறியவற்றின் முதல் இண்ட் ஏஎஸ் ஆண்டறிக்கையில் ஒரே 2015-16 லாபத்தையும் பங்குதாரர் நிதியையும் பழைய முறையிலும் புதிய முறையிலும் காட்டும் அட்டவணை இருக்கும். அதில், முன்மொழிந்த ஈவுத்தொகையைப் பொறுப்புகளிலிருந்து நீக்கியதாலேயே பங்குதாரர் நிதி ஏறிவிடுகிறது. இதைத் தர உயர்வு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்ரூவல்ஸ் (லாபத்துக்கும் செயல்பாட்டில் வந்த ரொக்கத்துக்கும் உள்ள வேறுபாடு) கணக்கிடும் முன் இத்தகைய மாற்றங்களை யாராவது தனியே பிரித்திருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள்? அந்த அட்டவணைகளைக் கையால்தான் தொகுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.