மறு: ‘செக்-அவுட்’, ‘செக்-இன்’: கையேற்பு, கையளிப்பு?

வணக்கம். மின்கற்றல் குழுக்களுக்கான கையேட்டில் ‘செக்-அவுட்’ என்பது பொதுக் கோப்பைத் திருத்துவதற்காக ஒருவர் எடுத்துக்கொள்வது, ‘செக்-இன்’ என்பது திருத்திவிட்டுத் திரும்ப வைப்பது. இவற்றுக்கு என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்று இங்கே எழுந்த கேள்விகளுக்கு என் பதில்.

> மின்கற்றல் குழுக்களுக்கான கையேட்டில் ‘செக்-அவுட்’ பல இடங்களில் வருகிறது. ‘சரிபார்த்து வெளியேறு’ என்று போடலாமா?

வேண்டாம். படிப்பவர், கோப்பைச் சோதித்துவிட்டு மென்பொருளை மூடச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் கருவிக்கு ஒரு பொருளில் அலைகிறது. நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவியான கிட்டில் அது ஒரு கிளைக்கு (இணையாக வளரும் இன்னொரு வடிவத்துக்கு) மாறுவது, அல்லது கோப்பின் பழைய பதிப்பை எடுத்துப் போடுவது. அதே வகைக் கருவியான சப்வெர்ஷனில் களஞ்சியத்தின் (கோப்புகளைச் சேர்த்துவைக்கும் பொது இடத்தின்) நகலை நம் கணினியில் இறக்கிக்கொள்வது. பூட்டுவதற்கு அங்கே தனிக் கட்டளை இருக்கிறது. அலுவலகக் கோப்புகளைப் பகிரும் ஷேர்பாயின்டிலோ ஒருவர் கோப்பை எடுத்துவிட்டால், அவர் திரும்ப வைக்கும்வரை மற்றவர்கள் அதைத் திருத்த முடியாது. கையேட்டுக்கு வேண்டியது இந்த மூன்றாவது பொருள். மூன்றுக்கும் ஒரே சொல்லைத் தேடினால் எதுவும் உருப்படாது. கிட்டுக்கு ‘கிளை மாற்று’ போதும், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

மின்கற்றலில் இந்தப் பூட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நிரல் வெறும் உரைதான். இருவர் வெவ்வேறு இடங்களைத் திருத்தினால் கருவியே பெரும்பாலும் சேர்த்துவிடும். மின்பாடம் தயாரிக்கும் ஸ்டோரிலைன் போன்ற மென்பொருளின் பாடக் கோப்பு அப்படியில்லை. ஸ்லைடு, ஒலி, படம், வினாடி வினா எல்லாம் ஒரே கோப்புக்குள் அடைந்து கிடக்கும். ஒருவர் மூன்றாம் ஸ்லைடையும் இன்னொருவர் முப்பதாம் ஸ்லைடையும் அவரவர் கணினியில் திருத்தினால்கூட இரண்டும் தானாக இணையாது. எல்லோருடைய கணினியிலும் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் ஒத்திசைவுக் கோப்புறையில் வைத்திருந்தால், அந்தச் சேவையைத் தரும் டிராப்பாக்ஸ் ‘முரண்பட்ட நகல்’ என்று இன்னொரு கோப்பை உருவாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் ஸ்லைடு ஸ்லைடாக உட்கார்ந்து ஒப்பிட வேண்டியதுதான். இப்படி இணைக்க முடியாத கோப்புகளுக்காகவே, பெரிய கோப்புகளுக்கான கிட்டின் துணைக்கருவி கிட் எல்எஃப்எஸ் 2017இல் வந்த 2.0 பதிப்பில் பூட்டும் வசதியைச் சேர்த்தது.

இன்னொன்று. பாடக் கோப்பைப் பிணைய இயக்ககத்திலோ யூஎஸ்பியிலோ வைத்தபடி திறந்து வேலை செய்யாதீர்கள், கணினியின் உள்வட்டுக்குக் கொண்டுவந்து திருத்துங்கள் என்பது ஸ்டோரிலைன் தயாரிப்பாளர்களின் அறிவுரை. ஆகவே பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுப்பது, திருத்துவது, திரும்பக் கொடுப்பது என்பதுதான் அன்றாட வேலையே. சொல்லிலும் அந்த வாங்கலும் கொடுத்தலும் தெரிய வேண்டும்.

> ‘இரவல் எடு’, ‘இரவல் திருப்பு’: நூலக வழக்கு, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் இரவல் வாங்கிய புத்தகத்தில் யாரும் எழுதக்கூடாது. இங்கே எழுதுவதற்காகவே எடுக்கிறோம். ‘பூட்டியெடு’ என்ற முன்மொழிவு இதைவிட நெருக்கம். அதன் எதிர்ச்சொல்தான் உதைக்கிறது. ‘திறந்துவை’ என்றால் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று ஆகிவிடும். பாதுகாப்பு பற்றிய கையேட்டில் அது கூடவே கூடாது.

குழுக்களில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். “அந்த ஃபைல் இப்ப யார் கையில இருக்கு?” இந்தக் ‘கை’யையே பிடித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. செக்-அவுட்டுக்குக் கையேற்பு, செக்-இன்னுக்குக் கையளிப்பு. இரண்டும் ஈழத்து எழுத்து வழக்கில் இயல்பாகப் புழங்குபவை, நாமாகச் செய்து ஒட்டியவை அல்ல. பொத்தானில் ‘கையேற்க’, ‘கையளிக்க’ என்று அடக்கமாக நிற்கும். கோப்பின் நிலையைக் காட்ட ‘இன்னார் கையில்’ போதும். எடுத்துத் திருத்தியதை வேண்டாம் என்று விட்டுவிடுவதற்குக் ‘கைவிடுக’. இந்தப் பொத்தானை அழுத்தினால் திருத்தங்கள் போய்விடும் என்ற எச்சரிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

‘கையெடு’ சுருக்கமாக இருக்கிறதே என்பவர்களுக்கு: அதைக் கும்பிடுவதற்கும் சொல்வோம், தொடாதே என்பதற்கும் சொல்வோம். வேண்டாம்.

> கையேற்பில் பூட்டு எங்கே தெரிகிறது?

தனியாகத் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் கையில் இருப்பது அதே நேரத்தில் இன்னொருவர் கையில் இருக்காது. பூட்டு என்பது அதை நிறைவேற்ற மென்பொருள் பயன்படுத்தும் வழி. அதற்குப் ‘பூட்டு’ என்றே வைத்துக்கொள்வோம்.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஒத்திசைவு, காப்புநகல் இரண்டும் நிலைத்துவிட்டவை. ஆனால் கையேட்டு வரைவின் நான்காம் பத்தியில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்திருக்கிறது, திருத்துங்கள். ஒத்திசையும் கோப்புறையில் ஒருவர் கோப்பை அழித்தால் எல்லோருடைய கணினியிலும் அழியும், அதை நம்பிக் காப்புநகல் எடுக்காமல் இருக்க முடியாது. ‘மூலக்கோப்பு’, ‘வெளியீட்டுப் பொதி’ என்ற பிரிப்பையும் ஆதரிக்கிறேன். கற்றல் தளத்தில் ஏற்றுவதற்கான ஸ்கார்ம் ஜிப்பை, அதாவது வெளியீட்டுப் பொதியை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு மூலத்தைத் தொலைக்கிற குழுக்கள் உண்டு. அந்தப் பொதி பாடத்தை ஓட்டத்தான் உதவும். அதிலிருந்து திருத்தக்கூடிய பாடக் கோப்பைத் திரும்ப எடுக்க முடியாது.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்றுதான். ஒருவர் கோப்பைக் கையேற்றுவிட்டு விடுப்பில் போய்விட்டால் நிர்வாகி வலிந்து பூட்டை உடைப்பாரே, அதற்கு என்ன சொல்? சப்வெர்ஷன், கிட் எல்எஃப்எஸ் இரண்டிலும் அதற்கு வழி இருக்கிறது. ‘கைப்பற்று’ கொஞ்சம் போர்க்களமாக ஒலிக்கிறது. ‘மீட்டெடு’ என்று போட்டால் காப்புநகலிலிருந்து எடுப்பதோடு குழம்பும். ‘பூட்டு நீக்கு’ என்று வெறுமனே விட்டுவிடலாமா? நிர்வாகியாக வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.